ராவுத்தர் கொடுத்த வேர்

அந்த வருடம் ராவுத்தர் மலைக்கு வரவில்லை.

சாமை அறுத்து, கதிர் அடித்து, தாளைப் போர் போட்டாகிவிட்டது. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்தது. வழக்கமாக இதற்குள் அவருடைய கழுதைகள் காரவள்ளிப் பாதையில் ஏறி அரியூர் நாட்டுக்குள் வந்திருக்கும். முன்னால் வரும் கழுதையின் கழுத்தில் ஒரு மணி. அது கேட்டதும் பிள்ளைகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பெரியவர்கள் நடந்து போவார்கள். ஆனால் போவார்கள்.

அப்பாஸ் அலி என்பது அவர் பெயர். மலையில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சேந்தமங்கலத்திலிருந்து உப்பு, கருவாடு, புகையிலை, வளையல், அரிவாள் கொண்டுவருவார். தேனும் மெழுகும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். மூட்டைகளுக்கு மேல் ஒரு தகரப் பெட்டி. அதில் கமர்கட்டு, எள்ளுருண்டை, சிவப்புச் சீனி மிட்டாய். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணிப் பொட்டலத்தில் அதிமதுரக் குச்சிகள்.

"கொடங்கொடமாத் தேனக் குடுத்துட்டுத் துளியூண்டு மிட்டாய் வாங்கித் திங்கிற சனத்த நான் வேற எங்கியும் பாத்ததில்ல" என்பார்.

"தேனு ஊட்டுலயே கெடக்குது. உம்மட மிட்டாய் செவப்பா இருக்குதில்ல" என்று யாராவது சொல்வார்கள்.

"திங்கறது நாக்கா கண்ணா?"

"மொதல்ல கண்ணு திங்கும். பொறவுதான் நாக்கு."

பெருமாயியின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. முன்னால் ஒரு பலாமரம். மலைக்கு வந்தால் ராவுத்தர் அந்த மரத்தடியில்தான் மூட்டை இறக்குவார். தன் சட்டியில் தானே சோறு பொங்கிக்கொள்வார். சந்தடி ஓய்ந்து பிள்ளைகள் கலைந்த பிறகு பெருமாயி வருவாள். அவள் கேட்பது மிட்டாய் அல்ல. அதிமதுரம். அதுவும் தனக்கு அல்ல.

அவளுக்கு மலையின் இன்னொரு பக்கம், பெரக்கரை நாட்டில் ஒரு மகள் இருந்தாள். கண்ணாயி என்று பெயர். பெருமாயி அங்கே சென்றாயன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தபோது பிறந்தவள். சென்றாயன் குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில் பேசமாட்டான். அறுப்புக்கு வந்த கருப்பண்ணன் பேசினான். பெருமாயி அவனோடு அரியூர் நாட்டுக்கு வந்துவிட்டாள். மலையில் அது குற்றமில்லை. ஊர்க்கவுண்டர் இரண்டு பக்கத்தையும் கூட்டி வைத்துக் கல்யாணத்தை அறுத்துவிட்டார். பெண் போகலாம், பிள்ளை அப்பனுக்கு. அதுவும் முறைதான். சென்றாயன் அதோடு விடவில்லை. இவள் இனி எங்கள் ஊர் எல்லையை மிதிக்கக்கூடாது, பிள்ளை இவள் கையால் எதையும் வாங்கித் தின்னக்கூடாது என்றான். கவுண்டர் பெருமாயியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கூட்டம் எழுந்து போய்விட்டது.

கண்ணாயிக்கு அப்போது பால்பற்கள்கூட விழவில்லை. முந்தின மழைக்காலத்தில் இருமலுக்கென்று பெருமாயி அவளுக்கு ஓர் அதிமதுரக் குச்சி கொடுத்திருந்தாள். இருமல் போன பிறகும் அவள் அதை விடவில்லை. நார் நாராகப் பிரிந்த பிறகும் வாயில் வைத்திருந்தாள். பிடுங்கப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். மகளைப் பற்றிப் பெருமாயிக்கு எப்போதும் முதலில் நினைவு வந்தது அந்தக் கடித்த வாய்தான்.

முதல் வருடம் அதிமதுரம் ஒரு பொட்டலம் வாங்கி, மகளுக்கென்று ராவுத்தரிடமே கொடுத்தனுப்பினாள். பெரக்கரை போய்விட்டுத் திரும்பும்போது அவர் கழுதையை அவிழ்க்காமல் நின்றார்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். உங்காத்தா குடுத்துச்சுன்னு சொல்லிக் குடுத்தேன். அதான் தப்பாப் போச்சு. அப்பங்காரன் புடுங்கிப் பள்ளத்துல வீசிட்டான்."

"புள்ள?"

"பள்ளத்தயே பாத்துட்டு நின்னுச்சு."

பெருமாயி உலக்கையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு குத்தத் தொடங்கினாள். ராவுத்தர் போகவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு தங்கச்சி. அடுத்த தடவ என்ற சரக்குன்னே குடுக்கறேன். மிட்டாய்க்காரன் புள்ளைக்கு ஒண்ணு குடுத்தா எந்த அப்பன் வேண்டாம்பான்?"

"பொய்யில்லீங்களா?"

"என்ற பொட்டில இருந்து என்ற கையால எடுத்துக் குடுக்கறேன். இதுல பொய் எங்க இருக்குது?"

பெருமாயி உரலில் சிதறிய சாமையை விரலால் கூட்டி உள்ளே தள்ளினாள்.

"யாரு குடுத்தா என்னங்க. வாயில போனாச் சரி."

அப்படித்தான் அது தொடங்கியது. பாறைத் தேன் எடுக்கும்போது கருப்பண்ணன் ஒரு சுரைக்குடுக்கையை அதற்கென்று தனியாக நிரப்பி வைப்பான். ராவுத்தர் வாங்கமாட்டார். கையில் எடுத்துக் கொடுப்பதற்கு எதற்குத் தேன் என்பார்.

"எடுத்துட்டுப் போங்க ராவுத்தரே. நீங்க வாங்காட்டி அது நீங்க குடுத்ததா ஆயிரும். இவ குடுத்ததா ஆகாது" என்பான் கருப்பண்ணன்.

"புள்ளைக்கு என்னமோ நான் குடுத்ததாத்தான ஆகப்போவுது."

"புள்ளைக்கு ஆவட்டும். நமக்கு ஆகப்படாது."

ராவுத்தர் குடுக்கையைக் கழுதையின் மேல் கட்டிக்கொள்வார்.

பெரக்கரையிலிருந்து திரும்பி வந்ததும் அவரை உட்காரவைத்துப் பெருமாயி கேட்பாள். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைக்கிறார்களா, என்ன உடுத்தியிருந்தாள், குச்சியை உடனே தின்றாளா, ஒளித்து வைத்தாளா. ராவுத்தர் கஞ்சி குடித்துக்கொண்டே சொல்வார். ஒரு வருடம் பலாமரத்திலிருந்து விழுந்து முன்பல் உடைந்துவிட்டது என்றார். பெருமாயி எந்தப் பக்கத்துப் பல் என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, தன் வாயைத் திறந்து தொட்டுக் காட்டினார்.

"போன வருசம் சொன்னதயே இன்னொருக்காச் சொன்னாலும் போதும் ராவுத்தரே. இவ ஒரு மாசம் என்னத் திட்ட மாட்டா" என்பான் கருப்பண்ணன்.

பெருமாயிக்கு இங்கே வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவர்கள் அதைப் பேசுவதில்லை.

சீமையில் சண்டை வந்த பிறகு தகரப் பெட்டி இளைத்துப்போனது. முதலில் சீனி மிட்டாய் நின்றது. பிறகு கமர்கட்டு நின்றது. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று வாசனை பிடித்துவிட்டுப் போனார்கள்.

"அதிமதுரங்கூட இல்லீங்களா?" என்று கேட்டாள் பெருமாயி.

"அது நம்ம மண்ணுல மொளைக்கிற வேரில்ல தங்கச்சி. கடலுக்கு அக்கரையில இருந்து கப்பல்ல வரோணும். கப்பலயெல்லாம் சண்டைக்குக் கொண்டுட்டுப் போயிட்டான். ஒரு மருந்துக் கடைக்காரன் பழைய சரக்கக் கொஞ்சம் ஒளிச்சு வச்சிருந்தான். கையில கால்ல உளுந்து வாங்கியாந்தேன்."

அது போன வருடம். கண்ணாயிக்குக் கல்யாணமாகிவிட்டது, மாப்பிள்ளை அந்த நாட்டுக்காரன்தான், பெயர் அர்த்தனாரி, குடிக்கமாட்டான் என்றும் அப்போது சொன்னார். இனியும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். பெருமாயி தேன் குடுக்கையை எடுத்து வந்து வைத்தாள்.

இந்த வருடம் வரவில்லை. உப்பு தீர்ந்தது. கருப்பண்ணன் கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தானே கீழே இறங்கினான். திரும்பி வந்து உப்பை இறக்கிவைத்தான். தண்ணீர் குடித்தான்.

"ராவுத்தரு இல்ல புள்ள."

"எங்க போயிருக்காரு?"

"இல்லவே இல்ல. ஐப்பசில பேதி கண்டுச்சாம். காலையில கண்டு பொழுதெறங்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சாம். அந்தத் தெருவுலயே நெறைய ஊட்ல சாவு."

பெருமாயி உப்பை அள்ளிப் பானையில் போட்டாள்.

"அவரு ஊட்டம்மா பாத்திமா பீவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டுப் பேசுச்சு. மலையில இருந்து வாரேன்னேன். உள்ள போயி இதக் கொண்டாந்து குடுத்துச்சு. மலைக்குன்னு எடுத்து வச்சிருந்தாராம். யாருக்குன்னு தெரியலைன்னுச்சு."

துணிப் பொட்டலம். முடிச்சு அவருடைய முடிச்சு.

"இனிப் பெரக்கரைக்கு யாரு போவாங்க?" என்றாள் பெருமாயி.

கேட்ட பிறகுதான் செத்தவரை நினைத்தாள். போன வருடம் அவர் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன சோற்றுச் சட்டி மரத்தடியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து வந்து வீட்டுக்குள் வைத்தாள். பொட்டலத்தை அடுப்புக்கு மேலே பரணில் சொருகினாள். மழைக்காலத்தில் வேறு எங்கே வைத்தாலும் பூசணம் பிடித்துவிடும்.

மழை விடவில்லை. களத்தில் காய வேண்டிய சாமையைக் கூடை கூடையாகப் பரணில் ஏற்றி அடுப்புச் சூட்டில் உலர்த்தி இறக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மதியம் அப்படி இறக்கிய சாமையைப் பெருமாயி வாசற்படிக்கு உள்ளே உரலில் போட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். பலாமரத்தடியில் ஒரு பெண் வந்து நின்றாள். தலைக்குச் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, ராவுத்தரு தங்கற எடம் இதுதானுங்களா?"

பேசும்போது முன்பல்லில் ஒன்று பாதியாக இருந்தது தெரிந்தது. ராவுத்தர் தொட்டுக் காட்டிய அதே பக்கம்.

பெருமாயி உலக்கையை மெல்ல இறக்கினாள்.

"இதுதான்."

"யாரு ஊடுன்னு எனக்குத் தெரியுமுங்க. உள்ள வரலீங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன்."

"மழையில நிக்கிறயே கண்ணு."

"பரவால்லீங்க. எங்கூட்டுக்காரரு கீழூர்ல எருது பாக்கப் போயிருக்காரு. வந்ததும் கெளம்பிருவோம்." அவள் மரத்தடியை, கழுதை கட்டும் முளைக்குச்சியைப் பார்த்தாள். "இந்த வருசம் ராவுத்தரு எங்கூருக்கு வரலீங்க. மலைக்கு வந்தா மொதல்ல இங்கதான் எறங்குவாருன்னு சொன்னாங்க."

"அவருகிட்ட என்ன வேணும்?"

கண்ணாயி வெட்கப்பட்டாள்.

"ஒண்ணும் எறங்க மாட்டேங்குதுங்க. சாமைச் சோத்தப் பாத்தாலே கொமட்டுது. வாயெல்லாம் கசப்பு. எங்க மாமியா தேனும் தெனமாவும் பெசஞ்சு குடுத்தாங்க, அதும் வெளிய வந்துருச்சு. அவரு ஒரு வேரு குடுப்பாருங்க, அதிமதுரம். அது கெடைச்சாத் தேவலாம்னு இருக்குது. குன்றிமணித் தழையப் பறிச்சு மென்னு பாத்தேன். மொதல்ல இனிக்குது, பொறவு வெறுந்தழைதான்."

"வருசா வருசம் குடுப்பாரா?"

"நெனவு தெரிஞ்ச நாளாக் குடுப்பாருங்க. மத்த புள்ளைங்க தேனு கொண்டாரும், கடுக்கா கொண்டாரும், மிட்டாய் வாங்கும். என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாரு. பொட்டிக்கு அடியில கைய உட்டு எடுப்பாரு. வாயில வச்ச ஒடனே ஒண்ணும் தெரியாதுங்க. வெறகக் கடிச்சாப்பல இருக்கும். மண்ணு வாசமடிக்கும். பொறவு மெல்ல எறங்கும் பாருங்க. தொண்டையிலயே நிக்கும். பச்சத் தண்ணி குடிச்சாலும் இனிக்கும். ராத்திரிக்கு எங்கய்யன் வந்து அடிச்சாக்கூட, வாய்க்குள்ள அது இனிச்சிட்டே இருக்கும்."

அவள் சாக்கைச் சரிசெய்துகொண்டாள்.

"பெத்தவங்க ஒரு வார்த்த கேட்டதில்லைன்னு எங்கத்த சொல்லும். உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. நடந்தது அதுதான். எங்கியோ கீழ இருந்து, வேற சாதி, வேற சாமி கும்புடற மனுசரு, அவரு வந்து கேட்டாரு."

கருப்பண்ணன் வீட்டுக்குப் பின்னாலிருந்து தழைக்கட்டுடன் வந்தவன் அங்கேயே நின்றிருந்தான். தழையைக் கீழே போட்டான்.

"சாமி, அந்த ராவுத்தரு சும்மா ஒண்ணும்..."

"ஏனுங்க, மாடு கத்துது" என்றாள் பெருமாயி.

"மாடு கத்தலியே."

"கத்தும். போயிப் பாருங்க."

கருப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். மகள் முகத்தைப் பார்த்தான். தழையை எடுத்துக்கொண்டு போனான்.

"ராவுத்தரு தவறிட்டாரு கண்ணு. ஐப்பசில. பேதி."

கண்ணாயி பலாவேரின்மேல் உட்கார்ந்தாள். வேர் நனைந்திருந்தது. சாக்கை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது. சிறுவயதிலும் அவள் அப்படித்தான் அழுவாள். அப்போது பெருமாயி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இப்போது உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குன்னு அவரு ஒருத்தருதானுங்க இருந்தாரு" என்றாள் கண்ணாயி.

பெருமாயி உள்ளே போனாள். பரணில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். அது சூடாக இருந்தது. சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். எல்லா வருடமும் நான்தான் கொடுத்தேன். கருப்பண்ணன் சாட்சி சொல்வான். சுரைக்குடுக்கை மூலையில் இந்த வருடத்துத் தேனோடு இருந்தது. பெருமாயி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பொட்டலத்தோடு வந்து மரத்தடியில் நின்றாள். கண்ணாயி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்க கையால நான் வாங்கப்படாதுங்க. ஊரு வச்ச பேச்சு."

"என்ற கையில்ல. ராவுத்தரு உனக்குன்னு கட்டி வச்சது. முடிச்சப் பாரு."

பொட்டலத்தை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் பெருமாயி வாசல்வரை பின்னால் வந்தாள். கண்ணாயி முடிச்சைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். பிறகு அவிழ்த்தாள். ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தாள். கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

பெருமாயி அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அதை அவள் கேட்டுத்தான் இருந்தாள். பார்த்ததில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. தாடை மட்டும் அசைந்தது. பிறகு நெற்றி தளர்ந்தது. கண்ணாயி எச்சிலை விழுங்கினாள். மறுபடியும் விழுங்கினாள். குமட்டவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து கருப்பண்ணனின் குரல் கேட்டது. மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"கத்துனியா நீ? சொல்லு. கத்துனியா?"

கண்ணாயிக்குச் சிரிப்பு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னப் பத்தி ராவுத்தரு எதாச்சும் சொல்லுவாருங்களா?"

"சொல்லுவாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒருக்கா அம்மை போட்டு நீ படுத்திருந்தயாம். உள்ள உடலையாம். எறவாரத்து ஓலையில குச்சியச் சொருகிட்டு, எங்க சொருகியிருக்கறேன்னு வெளிய இருந்து சத்தம் போட்டுச் சொல்லிட்டு வந்தேன்னாரு." பெருமாயி நிறுத்தினாள். மேலே சொன்னாள். "நீ பெரிய மனுசியான வருசம் வெக்கப்பட்டுட்டு வாங்க மாட்டேன்னுட்டயாம். அவரு பள்ளம் எறங்கறப்பப் பின்னாலயே ஓடியாந்து வாங்கிக்கிட்டயாம். பச்சக் கண்டாங்கி கட்டியிருந்தே. இன்னொரு வருசம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வளத்தே. அதுக்கும் ஒரு கடி குடுத்தே. அது துப்பிருச்சு. இனி உனக்குக் கெடையாதுன்னு அதத் திட்டினே."

கண்ணாயி மெல்லுவதை நிறுத்தினாள்.

"இதயெல்லாம் அவரு எதுக்கு உங்ககிட்ட வந்து சொன்னாரு?"

மழை கொஞ்சம் வலுத்தது. பலா இலைகளிலிருந்து பெரிய துளிகளாக விழுந்தது.

"நான் கேட்டேன்" என்றாள் பெருமாயி.

கண்ணாயி வாயிலிருந்த குச்சியைக் கையில் எடுத்தாள். கீழே பாதையிலிருந்து ஒரு ஆண்குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். பதில் கொடுக்கவில்லை. எழுந்து பொட்டலத்தை மடியில் கட்டினாள். மரத்தடியிலிருந்து வந்து இறவாரத்துக்கு அடியில் நின்றாள். அங்கே மழை விழவில்லை. படியில் ஏறவில்லை. பெருமாயி எட்டினால் தொடும் தூரம்தான். தொடவில்லை.

"அந்தக் குட்டி என்ன ஆச்சுன்னு சொன்னாருங்களா?"

"வித்துட்டாங்கன்னாரு. நல்ல எடமாப் பாத்துக் குடுத்துட்டாங்க, அங்க அது குட்டி போட்டு நல்லா இருக்குதுன்னாரு."

கண்ணாயி தலையை அசைத்தாள்.

"விக்கலீங்க. நரி கொண்டுட்டுப் போயிருச்சு. நான் ரெண்டு நாளு காட்டுல தேடினேன். அவரு வந்தப்ப அதச் சொல்லித்தான் அழுதேன். உங்ககிட்ட மாத்திச் சொல்லியிருக்காரு."

"நரியா?"

"ஆமாங்க."

"எப்ப?"

கீழேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். "வாரேன், எருதப் புடிச்சிட்டு நில்லுங்க" என்று கண்ணாயி குரல் கொடுத்தாள். சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறி, படியின் ஓரத்தில் போட்டாள். பிறகு, அன்று காலை பட்டியை யார் திறந்து விட்டார்கள் என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.